ரத்னாவுக்கு ஒரு பெட்டி

என் அம்மா கோவிந்தம்மாவுக்கு இந்த உலகத்தில் இரண்டே விரோதிகள். ஒன்று, ஆரணிச் சந்தையில் கூடைக்கு வரி வசூலிக்கிற ஆள். இன்னொன்று, சிமெண்டுத் தரை. முதல் விரோதியைச் சந்தைக்குப் போகும்போதெல்லாம் நேரிலேயே பார்த்துத் திட்டிவிடுவாள். சிமெண்டுத் தரைக்கு வாய் கிடையாது என்பதால் அதை எங்கே கண்டாலும் திட்டுவாள். பொன்னேரி ஸ்டேஷனில் திட்டுவாள், தபாலாபீசில் திட்டுவாள், பழவேற்காடு பஸ் நிற்கிற இடத்தில் புதிதாகப் போட்ட மேடையைத் திட்டுவாள். “இதும் மேல ஒரு சொட்டுத் தண்ணி பட்டாப் போதும், ஆள காவு வாங்கிடும். எம் பொண்ணு வயித்துல கெடந்தத வாங்கிச்சே” என்பாள். கேட்டவர்கள் விழித்தால் கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பிப்பாள்.

அந்தப் பொண்ணு நான்தான், சம்பூர்ணம். என் கதையை அம்மா தப்பாகச் சொல்கிறாள் என்பது எனக்கும் என் வீட்டுக்காரர் மணவாளனுக்கும் மட்டும்தான் தெரியும். அவளுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தவர்களே நாங்கள்தான்.

எழுபத்து நாலாம் வருஷம் நான் டாட்டா நகரிலிருந்து எங்கள் குப்பத்துக்கு வந்தது தங்கை ரத்னாவை வழியனுப்ப. ரத்னாவின் புருஷன் தேசப்பன் பம்பாயில் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தான். நாலாம் மாடியில் ஓர் அறை கிடைத்திருக்கிறது, அனுப்பி வையுங்கள் என்று தகவல் சொல்லியிருந்தான். ரத்னா அப்போது நாலு மாசம். ஆரணிக்காரக் குடும்பம் ஒன்று அதே வண்டியில் கல்யாணத்துக்குப் போகிறது, அவர்களோடு போய்விடுவாள், தாதர் ஸ்டேஷனுக்குத் தேசப்பன் வந்துவிடுவான் என்று எல்லாம் பேசி முடித்திருந்தார்கள். பெட்டி ஒன்றுதான் பாக்கி.

ரயிலில் வரும்போதே ஒன்றை முடிவு செய்துகொண்டு வந்தேன். ரத்னா போகும்போது அவள் கையில் கனமில்லாத பெட்டிதான் இருக்க வேண்டும். அதற்காக அம்மாவோடு மல்லுக்கு நிற்க வேண்டியிருந்தால் நிற்பது, ஆனால் உண்மையை மட்டும் சொல்வதில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகச் செய்துவிடலாம் என்று நினைத்தேன். என் அம்மாவைப் பற்றி எனக்கு அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

பெட்டி வாங்கக் கிளம்பிய அன்றைக்கு நைனாவுக்குப் பாடு. எங்கள் ஏரியில் எந்த நாளில் யார் வலை போடலாம் என்று குப்பத்தில் முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள், அதற்குத்தான் பாடு என்று பேர். நம்முடைய நாளை விட்டால் விட்டதுதான், அடுத்த முறை வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு கரையில் உட்கார வேண்டும். அதனால் எங்கள் குடும்பத்தில் முக்கியமான காரியம் எதுவும் நைனா இல்லாமல்தான் நடக்கும். நான் முதல்முதலாகப் புருஷன் வீட்டுக்குக் கிளம்பிய நாளிலும் அவருக்குப் பாடு. இப்போதும் அம்மா, ரத்னா, நான் என்று மூன்று பெண்பிள்ளைகள் மட்டும் படகில் பழவேற்காடு வந்து, பஸ் பிடித்துப் பொன்னேரி போனோம்.

கடைத்தெருவில் சுப்பராயன் கடை. வாசல் வரைக்கும் டிரங்குப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார். பச்சைப் பெயிண்ட், மூடியில் ரோஜாப்பூ. உள்ளே போனால் அந்தப் பெயிண்ட் வாசனை மூக்கில் ஏறும். எனக்கு அந்த வாசனை ஆகாது.

“அண்ணாத்தே, இவளுக்கு வாங்கிக்கினு போனன் பாரு, அதே பெட்டி குடு” என்றாள் அம்மா, என்னைக் காட்டி.

சுப்பராயன் என்னைப் பார்த்தார். ஊரில் பாதிப் பேருக்குப் பெட்டி விற்றவர், எந்தப் பெட்டி என்று அவருக்கு எப்படி ஞாபகம் இருக்கும். ஆனால் வியாபாரி ஆயிற்றே. “அதுவா, ஞாபகம் கீதும்மா” என்றார்.

“அது எங்க எங்கயோ போய் வந்துக்கினு கீது. ஒரு சொட்டை இல்ல. ஒரு துரு இல்ல. கொளவி வெச்சு அனுப்பனேன், கொளவி! அடி பேந்துச்சா? கேட்டுப் பாரு இவளையே.”

“பேரலம்மா” என்றேன்.

அம்மா சொன்னது நிஜம். அறுபத்தெட்டில் அந்தப் பெட்டிக்குள் அம்மிக் குழவியை வைத்தாள். ஊர் பேர் தெரியாத இடத்தில் குழவிக்கு எங்கே போவாய் என்று கேட்டாள். குழவியைச் சுற்றி அரிசி, அரிசிக்கு மேல் காய்ந்த எறா, ஒரு பித்தளை விளக்கு, இரண்டு பாத்திரம். எல்லாவற்றுக்கும் மேலே, குழந்தைக்கு என்று தன்னுடைய பழைய நூல் புடவைகளைக் கிழித்துத் துவைத்து மடித்து வைத்தாள். எனக்கு அப்போது அஞ்சாம் மாசம். வளைகாப்புக்குத் திரும்பி வந்துவிடலாம், அதுவரை அவர் ஓட்டலில் சாப்பிட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று அனுப்பினார்கள். சென்ட்ரலில் ஏற்றிவிடும்போது அம்மா ஒரே ஒரு புத்திமதிதான் சொன்னாள். “போற வழில கூலிக்காரன் எவன்கிட்டயும் பெட்டியக் குடுத்துடாத. நம்ம பொம்பளைங்க என்னிக்காவது தலைச்சுமைக்குக் கூலி குடுத்துக்கீறோமா?”

கொடுத்ததில்லை. எங்கள் பெண்கள் மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஆரணிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் போய் வருகிறவர்கள். பாரம் என்ற பேச்சே எங்கள் வீட்டில் எடுபடாது. தலையில் ஏறிவிட்டால் அது பாரமே இல்லை. ஏற்றுவதுதான் கஷ்டம், அதற்கும் எங்களிடம் வழி உண்டு. கூடையின் முன்னால் சும்மாட்டைத் தலையில் வைத்து உட்கார்ந்து, “ஒரு கை குடு” என்று சொன்னால் போதும். போகிறவள் சண்டைக்காரியாக இருந்தாலும் நின்று ஒரு பக்கம் பிடித்து ஏற்றிவிட்டுத்தான் போவாள். பேச்சுவார்த்தை இல்லாத ஓரகத்திகள்கூட கை கொடுத்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொள்வார்கள். கை கேட்டுக் கொடுக்காதவள் என்று எங்கள் குப்பத்தில் ஒருத்தி பேர் வாங்கினால் அவள் வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள்.

கரக்பூரில் வண்டி மாற வேண்டும். துணைக்கு வந்த தெலுங்குக் குடும்பம் விசாகப்பட்டினத்திலேயே இறங்கிவிட்டது. கரக்பூருக்கு மணவாளன் வருவதாக இருந்தது. லீவு கிடைக்கவில்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்? அந்த நீளமான பிளாட்பாரத்தில் பெட்டியோடு நின்றேன். சிவப்புச் சட்டைக்காரர்கள் வந்து வந்து கேட்டார்கள், நான் தலையை ஆட்டி ஆட்டி அனுப்பினேன். கோவிந்தம்மா மகள் கூலி வைப்பாளா? டாட்டா நகர் வண்டி வேறு பிளாட்பாரம், பாலம் ஏறி இறங்க வேண்டும் என்று யாரோ ஜாடையில் காட்டினார்கள். நேரமாகிவிட்டது. முந்தானையைச் சுருட்டிச் சும்மாடு கட்டினேன். பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, போகிற பெண்களைப் பார்த்து, “அக்கா, ஒரு கை குடு” என்றேன். தெலுங்கிலும் கேட்டேன். “கொஞ்சம் செய்யி வெய்யம்மா.” சிலர் நின்று பார்த்தார்கள். ஒரு அம்மாள் பிச்சை கேட்கிறேன் என்று நினைத்துக் காசை எடுத்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனாள்.

பிறகு நானே தூக்கினேன். முதலில் முழங்காலுக்கு. அங்கிருந்து இடுப்புக்கு. இடுப்பிலிருந்து தலைக்கு. தலைக்கு ஏறியபிறகு பாரமே தெரியவில்லை, அம்மா சொன்னதுபோலத்தான்.

வண்டியில் உட்கார்ந்தபிறகு வலி எடுத்தது. ராத்திரி டாட்டா நகர் ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்துபோயிற்று. அதற்குப்பிறகு எனக்கு வேறு எதுவும் தங்கவில்லை.

மணவாளன்தான் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று ஊருக்கு எழுதிப் போட்டார். நான் சரி என்றேன். பெட்டி வாங்கியவள் அம்மா, குழவி வைத்தவள் அம்மா, கூலி வைக்காதே என்றவளும் அம்மா. உண்மை தெரிந்தால் அவள் உயிரோடு இருக்க மாட்டாள். நானும் அவளை வெறுக்கவேண்டி வந்துவிடுமோ என்று பயந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். சிமெண்டுத் தரையை வெறுத்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

இது எதுவும் தெரியாமல் அம்மா சுப்பராயன் கடையில் பச்சை டிரங்குப் பெட்டியைக் கீழே இறக்கச் சொல்லி அதன்மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள். “பாரு, நெளியுதா? தாராளமா நாலு பேர் நிக்கலாம்.”

“பெட்டிமேல யாரும்மா நிக்கப் போறாங்க? இவ பம்பாய்க்குப் போறா, சர்க்கஸுக்கா போறா?” என்றேன்.

ரத்னா சிரித்துவிட்டு, அம்மா பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

“வேற இன்னா கீது, காட்டுங்க அண்ணாத்தே” என்று நான் கேட்டேன். சுப்பராயன் ஒரு கேன்வாஸ் பையை எடுத்தார். லேசுதான், ஆனால் தையல் பிரிந்தால் நடுவழியில் பொருள் கொட்டிவிடும். பிரம்புப் பெட்டி காட்டினார், அதற்குப் பூட்டு நிற்காது. தோல் பெட்டி ஒன்று இருந்தது, மழையில் நனைந்தால் போச்சு, பம்பாய் மழையோ எல்லாருக்கும் தெரிந்தது. கடைசியில் உள்ளே போய்க் காகிதம் சுற்றியிருந்த ஒன்றைக் கொண்டுவந்து பிரித்தார். ஊதா நிற சூட்கேஸ். துணியும் இல்லை, தகரமும் இல்லை, ஒரே வார்ப்பாகப் பிளாஸ்டிக்.

“புது சரக்கும்மா. இப்பதான் எல்லாரும் இத்தத் தூக்கிக்கினு போறாங்க. கீழ போட்டாலும் ஒடையாது. தண்ணி எறங்காது.” அவரும் அதன்மேல் ஏறி நின்று காட்டினார். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

நான் தூக்கிப் பார்த்தேன். எனக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது, அவ்வளவு லேசு. கைப்பிடி இரண்டு பக்கமும் ஆழமாகப் பதிந்திருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தேன். பெட்டி எப்போதும் கைப்பிடியில்தான் முதலில் சாகும். கீல், பூட்டு, மூலை எல்லாம் பார்த்தேன். கையில் பிடித்துக்கொண்டு கடைக்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தேன். தலைக்கு ஏற்றவே வேண்டாம். ரத்னாவிடம் கொடுத்தேன். அவள் அதை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றி மாற்றிப் பார்த்தாள். அவளுக்கு அதன்மேல் ஆசை வந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் தைரியம் இல்லை.

“இத்த எடுத்துக்கலாம்” என்றேன்.

அம்மா விரலால் அதைத் தட்டினாள். “இது இன்னா, நண்டு ஓடாட்டம் கீது. கொளவி வெச்சா அடி தாங்குமா?”

“கொளவி எதுக்கு? பம்பாய்ல கல்லே இல்லையா?”

“டப்பு எவ்ளோ சொல்றான்னு கேட்டியா? இந்த டப்புக்கு ரெண்டு டிரங்கு வாங்கலாம்.”

“டப்பு நான் தரேன்.”

அதுதான் நான் செய்த தப்பு. அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. “ஓகோ. டாட்டா நகர்காரம்மா தராங்களாம். உனக்கு நான் வாங்கிக் குடுத்தது தகரம், அது கேவலமா பூடுச்சு. அப்படித்தான?”

“நான் அப்படிச் சொல்லல.”

“பின்ன இன்னா? ஒனக்கு நான் செஞ்சதத்தான் அவளுக்கும் செய்யணும். நாளைக்கு அவ, அக்காளுக்கு இரும்பு, எனக்கு ஓடான்னு கேக்கமாட்டா? ரத்னா, நீ சொல்லுடி. ஒனக்கு எது வோணும்?”

ரத்னா என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். “நீ எது வாங்கிக் குடுத்தாலும் சரிம்மா” என்றாள். இந்தப் பெண்ணை இரண்டு அறை அறையலாமா என்று இருந்தது. நானும் அறுபத்தெட்டில் இதே கடையில் இதையேதான் சொன்னேன்.

“கேட்டியா? அவ்ளோதான்” என்றாள் அம்மா.

“அவ கனமானது தூக்கக்கூடாதும்மா. மாசமா கீறா.”

“தூக்கறதுக்கு தேசப்பன் வராரு.”

“எங்க ஊட்டுக்காரரும்தான் வரேன்னாரு” என்று என் வாயில் வந்துவிட்டது. அம்மா அதைக் கவனிக்கவில்லை. கோபத்தில் அவளுக்குக் காது கேட்காது.

“பாரம் பாரம்னு பேஜாரு பண்றியே, இன்னா பெரிய பாரம்? ரத்னா எம் வயித்துல இருக்கசொல்ல எட்டாம் மாசம் வரிக்கும் மீன் கூடை சுமந்தேன். இன்னிக்கு எனக்கு வயசென்ன? நான் தூக்கி நடந்து காட்டறேன். அப்பால பேசு” என்று சொல்லி, சுப்பராயன் கடையில் கிடந்த பூட்டுகளையும் எடைக்கற்களையும் எடுத்து அந்த டிரங்குக்குள் போட ஆரம்பித்தாள். அவர் தடுத்துப் பார்த்தார், முடியவில்லை. அம்மாவும் அவருமாகப் பெட்டியைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு வந்தார்கள். எதிர்க் கடையில் நாஷ்டா தின்றுகொண்டிருந்தவர்கள் தட்டோடு வெளியே வந்து நின்றார்கள்.

அம்மா முந்தானையைச் சுருட்டிச் சும்மாடு கட்டினாள். தலையில் வைத்தாள். பெட்டிக்கு முன்னால் குந்தினாள். ஒரு பக்கத்துப் பிடியைப் பிடித்துக்கொண்டு, என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “சம்பூர்ணம், ஒரு கை குடு” என்றாள்.

நான் நகரவில்லை.

அவள் அப்படிக் குந்தியிருந்ததைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் வந்துவிட்டது. சும்மாடு, நீட்டிய கை, போகிறவர்களின் கால்கள், உள்ளங்கையில் விழுந்த காசு. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

“இன்னாடி, காது அடைச்சிக்கிச்சா? ஒரு கை குடு.”

ரத்னா முன்னால் வந்தாள். நான் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினேன். “நீ தொடாத.” சுப்பராயன் குனியப் போனார். “அண்ணாத்தே, நீங்களும் வராதீங்க” என்றேன். அவர் அப்படியே நின்றுவிட்டார்.

அம்மா இப்போது நிமிர்ந்து பார்த்தாள். அவள் பெற்ற பெண், கை கேட்டுக் கொடுக்கவில்லை. அதுவும் நடுத்தெருவில், நாலு பேர் பார்க்க. அவளைச் செருப்பால் அடித்திருந்தால்கூட முகம் அப்படி ஆகியிருக்காது.

“நீயே தூக்கும்மா. தனியாத் தூக்கிப் பாரு” என்றேன்.

“இன்னா சொன்ன?”

“யாரும் கை குடுக்க மாட்டாங்க. நீயே தூக்கு.”

வீம்புக்காரி அம்மா. பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினாள். முதலில் முழங்காலுக்கு வந்தது. அங்கே ஒரு மூச்சு வாங்கினாள். அங்கிருந்து ஒரு எக்கு எக்கி இடுப்புக்கு ஏற்றினாள். இடுப்பிலிருந்து தலைக்கு ஏற்ற வேண்டும், அதற்கு முன் அதை வயிற்றில் சாய்த்து நிறுத்தித்தான் ஆக வேண்டும், வேறு வழி கிடையாது. பெட்டியின் இரும்பு விளிம்பு அவள் அடிவயிற்றில் அழுந்தியது.

அங்கேயே நின்றுவிட்டாள்.

குனிந்து அந்த விளிம்பைப் பார்த்தாள். பிறகு என் வயிற்றைப் பார்த்தாள். சுப்பராயன் ஓடிவந்து பெட்டியைப் பிடித்துக் கீழே இறக்கினார். அம்மாவின் கைகள் பெட்டி இருந்த இடத்திலேயே தூக்கியபடி இருந்தன.

“அங்க… ஒருத்தருமா கை குடுக்கல?” என்று கேட்டாள்.

சொல்லாமல் இருந்தால் தப்பிக்கலாம் என்று அப்போதும் எனக்கு ஒரு நப்பாசை.

“பாத்ரூம்ல வுழுந்தன்னியே.”

“அந்த ஊட்ல பாத்ரூமே கெடையாதும்மா. வெளிய தெருக்குழாய்தான். தரைகூட மண்ணுதான்.”

அம்மா அந்தப் பச்சைப் பெட்டியின்மேல், ரோஜாப்பூவின்மேல், தொப்பென்று உட்கார்ந்தாள். தலையிலிருந்த சும்மாடு பிரிந்து தோளில் விழுந்தது. ரத்னாவுக்கு இன்னும் விளங்கவில்லை, “இன்னாக்கா, இன்னாம்மா” என்று மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அவளிடம் சூட்கேசைக் கையில் கொடுத்து உள்ளே போய் நிற்கச் சொன்னேன். தட்டோடு நின்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள்.

அம்மா சத்தமாக அழுவாள், மார்பில் அடித்துக்கொள்வாள் என்று பயந்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே, யாரிடமோ வழி கேட்பதுபோல மெதுவாகக் கேட்டாள்.

“ஆணா, பொண்ணா?”

இத்தனை வருஷத்தில் அவள் அதைக் கேட்டதே இல்லை. தங்காததை அப்படிக் கேட்கக்கூடாது என்பார்கள்.

“பொண்ணு.”

“இன்னாத்துல சுத்துனீங்க?”

“நீ வெச்ச புடவைல.”

“கத்திரிப்பூ கலர்ல கரை போட்டுதா?”

“ஆமாம்மா.”

“அது நல்லா மெத்துனு இருக்கும்” என்றாள் அம்மா.

அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை. நடுத்தெரு என்றுகூடப் பார்க்காமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பெட்டியின்மேலேயே, அவள் மடியில் முகத்தை வைத்து அழுதேன். ஆறு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தது. அம்மா என் முதுகில் கை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். தன் கை என்மேல் படலாமா என்று அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டதுபோல் இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அதற்காகத்தான் நான் சொல்லாமல் இருந்தேன்.

சூட்கேசையே வாங்கினோம். பத்து மீனுக்கு ஒரு மீன் கொசுறு கேட்கிறவள், சுப்பராயன் சொன்ன விலைக்கு மறுபேச்சு பேசவில்லை. அவர்தான் தாங்காமல் தானே கொஞ்சம் குறைத்தார். திரும்பும்போது பஸ்ஸில் அம்மா ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாள். “ஊரு ஊராப் போயி அந்தப் பொட்டியப் பத்திப் பெருமையாப் பேசனனேடி. நீயும் கேட்டுக்கினே இருந்தியே.” பழவேற்காட்டில் இறங்கி அந்தச் சிமெண்டு மேடையைத் தாண்டிப் போனோம். அவள் அதைத் திட்டவில்லை. திட்டினால் தேவலை என்று இருந்தது எனக்கு.

ரத்னாவுக்குப் பெட்டி கட்டிய நாளில் அம்மா சாமான்களை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். விளக்கை வைத்தாள், பெட்டியைத் தூக்கிப் பார்த்தாள், விளக்கை எடுத்துவிட்டாள். இரண்டு புடவையை வைத்தாள், ஒன்றை எடுத்தாள். ரத்னா அழுதேவிட்டாள். “எம்மா, அம்மா ஊட்லருந்து போறேன், ஒரு பிடி எறாவாவது வையேன்.” அம்மா காதில் வாங்கவே இல்லை. “அங்க கடல் கீது. அதுல எறா கீது” என்றாள். ரத்னாவிடம் நான் விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். மாசமாக இருக்கிற பெண்ணிடம் அதைச் சொல்ல மனம் வரவில்லை. அக்காவுக்குப் பெட்டி நிறையக் கொடுத்தவள் தனக்குப் பாதிப் பெட்டியைக் காலியாக அனுப்புகிறாள் என்ற மனக்குறையோடுதான் அவள் கிளம்பினாள். குழந்தைத் துணி என்று ஒரு முழம்கூட அம்மா வைக்கவில்லை. அதை நானும் கேட்கவில்லை.

சென்ட்ரலுக்கு நைனாவும் வந்தார். அன்றைக்கும் அவருக்குப் பாடுதான், அம்மா விட்டுவிட்டு வரச் சொன்னாள். ஏன் என்று அவர் கேட்டதற்கு, “வரச் சொன்னா வா” என்றாள். பிளாட்பாரத்தில் சிவப்புச் சட்டைக்காரர் ஒருவரை அவளே கைதட்டிக் கூப்பிட்டாள். எங்கள் வம்சத்தில் யாரும் செய்யாத காரியம். அவர் வந்து சூட்கேசைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். “இதுக்கு ஆளு வேணுமாம்மா? நீங்களே தூக்கிக்கினு போலாம்.” அம்மா ரத்னாவின் பக்கம் திரும்பினாள். “இவங்க மூஞ்சியப் பாத்து வெச்சிக்கோ. எங்க எறங்கினாலும் இந்த மாதிரி சட்டை போட்டவங்களக் கூப்புடு. தேசப்பன் வந்தாலும் கூப்புடு. வெக்கப்படாத. வெக்கப்படாதடி, கண்ணு.”

வண்டி வந்து நின்றது. ஆரணிக்காரர்கள் முதலில் ஏறினார்கள். ரத்னா ஏறி வாசலில் நின்று அம்மா கையிலிருந்த சூட்கேசுக்குக் கை நீட்டினாள். ஒரு விரலில் வாங்கிவிடுவாள். கொடுத்தால் முடிந்தது.

அம்மா கொடுக்கவில்லை. பெட்டியைக் கீழே வைத்தாள். அதன் ஒரு பக்கத்தில் குனிந்து, அடியில் இரண்டு கையையும் கொடுத்துப் பிடித்துக்கொண்டாள். உள்ளே பாதிகூட நிறையாத பெட்டி. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“சம்பூர்ணம், ஒரு கை குடு” என்றாள்.

கொடுத்தேன்.